தமிழ்ப் பெயருள்ள இணைப்புகளில் சில மட்டும் சேமிக்கப்படவில்லை: காரணம் என்ன?

கேள்வி (குடியாத்தம்):
வணக்கம். எங்கள் கைலி வியாபார அலுவலகத்துக்கு வரும் மின்னஞ்சல்களிலிருந்து இணைப்புகளைப் பிரித்து, உபுண்டு கணினியில் சேமிக்கும் பைத்தான் நிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன். ‘நூல்’, ‘சாயம்’ என்ற பெயர்களில் வரும் கோப்புகள் சேமிக்கப்படுகின்றன. ஆனால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் யுடிஎஃப்-8 என்று தொடங்கும், புரியாத ஆங்கில எழுத்து வரிசை நிற்கிறது. ‘பில்’, ‘கைலி’ என்று வருபவையோ, அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை என்ற பிழையைத் தந்து நின்றுவிடுகின்றன. நெசவுக் கூலிக் கணக்கை அந்தப் பில்களைப் பார்த்தே போடுகிறோம் என்பதால் விரைவில் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

பதில் (காட்பாடி):
ஐயா, இரண்டும் ஒரே சிக்கல்தான். தமிழ்ப் பெயர்களை அனுப்ப ஆர்எஃப்சி 2231 (இணையத் தரநிலை ஆவணம்) என்ற முறை 1997 முதல் இருந்தும், பல அஞ்சல் சேவைகள் பெயரை ஆர்எஃப்சி 2047 முறைப்படி பேஸ்64 (பைட்டுகளை ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகளால் எழுதும் முறை) ஆக மாற்றியே அனுப்புகின்றன. உங்கள் நிரல் அதைத் திருப்பாமல் அப்படியே கோப்புப் பெயராக வைத்துக்கொள்கிறது. எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகள். பேஸ்64 இல் அவை 4 எழுத்துகளாகும். மேல்விலங்கு (ி) வரும் இடத்தில் அந்த நான்காவது எழுத்து சாய்கோடாக (/) அமைந்துவிடுகிறது. லினக்ஸ் அதை அடைவுப் பிரிப்பான் என்று எடுத்துக்கொண்டு, இல்லாத அடைவைத் தேடுகிறது. ‘நூல்’, ‘சாயம்’ இரண்டிலும் மேல்விலங்கு இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. சாய்கோட்டை அடிக்கோடாக மாற்றிப் பார்த்தேன். பிழை நின்றுவிட்டது, ஆனால் பெயர் இன்னும் படிக்க முடியாமல்தான் இருக்கிறது.

பதில் (காட்பாடி):
அவ்வாறு செய்ய வேண்டாம். சாய்கோட்டை மாற்றிவிட்டால் பெயரைப் பிறகு மீட்பதும் கடினமாகிவிடும். பைத்தானில் அஞ்சலைப் படிக்கும் ‘மெசேஜ் ஃப்ரம் பைட்ஸ்’ செயற்கூறு, நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால், ‘காம்பேட்32’ என்ற பழைய கொள்கையையே பயன்படுத்தும். ‘பாலிசி’ என்ற இடத்தில் ‘பாலிசி.டிஃபால்ட்’ என்று கொடுங்கள். அதன்பின் ‘கெட் ஃபைல்நேம்’ தமிழ்ப் பெயரையே தரும்.

பதில் (வேலூர்):
ஒன்றைச் சேர்க்கிறேன். பெயரைத் திருப்பிய பிறகும் ‘பில் 45/24’ போன்ற பெயரில் உண்மையான சாய்கோடு வரலாம். அந்த நிலையில் அதைச் சிறுகோடாக மாற்றுவதே சரி. பலரும் ‘பில்’ என்ற ஒரே பெயரில் அனுப்பினால் முந்தைய கோப்பு அழிந்து அதன் மேல் அடுத்தது எழுதப்படும் என்பதால், பெயரின் முன்னால் தேதியையும் ஒரு வரிசை எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
இரண்டையும் செய்துவிட்டேன். நின்றுபோயிருந்த பில்கள் அனைத்தும் தமிழ்ப் பெயரோடு வந்துவிட்டன.