'கையெழுத்து ஆய்வு' என்றால் போதுமா? எழுதுகை, பள்ளிக்கை, கைவாகு

கோபியிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கமுங்க. டைட்டானிக் புட்டிக் கடிதம் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரே ஒரு சொல்லில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். விசயம் இதுதான். 2017-ல் கனடாவில், நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் ஃபண்டி விரிகுடாக் கரையில், ஒரு குடும்பத்தார் கையில் ஒரு பழைய புட்டி கிடைத்தது. உள்ளே பிரெஞ்சில் ஒரு கடிதம், தேதி 1912 ஏப்ரல் 13, எழுதியவர் பெயர் மத்தில்டு லெஃபேவ்ர். கப்பல் பனிப்பாறையில் மோதியதற்கு முந்தின நாள். அந்தப் பெயரில் ஒரு பிள்ளை கப்பலில் இருந்தது உண்மை. 12 வயது, அம்மாவோடும் கூடப் பிறந்த மூன்று பேரோடும் மூன்றாம் வகுப்பில், அமெரிக்காவில் வேலைக்குப் போயிருந்த அப்பாவிடம் போய்க்கொண்டிருந்தாள். ஐந்து பேரில் ஒருவரும் கரை சேரவில்லை.

கியூபெக்கின் ரிமூஸ்கி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் புட்டியைச் சோதித்தார்கள். கண்ணாடி, தக்கை எல்லாம் அந்தக் காலத்தோடு ஒத்துப்போயின. ஆனால் எழுத்து இடித்தது. அன்றைய பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு எழுதப் பழக்கிய முறையோடு அது பொருந்தவில்லை என்று எழுத்தைப் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

இந்தப் 'பார்த்தவர்கள்' என்ன செய்தார்கள் என்பதற்கு ஒரு சொல் வேண்டும். முதலில் 'கையெழுத்து ஆய்வு' என்றுதான் போட்டேன். அம்மா படித்துவிட்டு, "அந்தப் புள்ள எதுல கையெழுத்துப் போட்டா?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. கையொப்பம் என்று தனிச்சொல் இருக்கிறதே என்பீர்கள், அது அச்சில் இருக்கிறது, பேங்கிலும் பத்திர ஆபீசிலும் 'இங்க கையெழுத்துப் போடுங்க'தான். 'கையெழுத்தியல்' என்று போட்டால் வார இதழ் இணைப்பில் வருகிற 'உங்கள் எழுத்து உங்கள் குணத்தைச் சொல்லும்' சங்கதி ஆகிவிடும். ஜோசியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று காட்டுகிற சொல்லாக இருக்க வேண்டும். சொல்லுங்க.

பவானியிலிருந்து:

அம்மிணி, 30 வருசத்துக்கு மேல் பத்திரம் எழுதினவன் என்கிற உரிமையில் சொல்கிறேன். பொய் எழுத்தைப் பிடிக்கிறவன் எழுத்தின் வடிவத்தைப் பார்க்கிறதில்லை. வடிவத்தைத்தான் களவாணி நன்றாகப் பழகிக்கொண்டு வந்திருப்பானே.

எங்கள் பக்கம் ஒரு பங்காளி வழக்கு. கிணற்றில் தண்ணீர் முறை யாருக்கு எத்தனை நாள் என்று தகராறு. ஒரு தரப்பு, தாத்தா 1961-ல் எழுதிக்கொடுத்தது என்று ஒரு கடுதாசியைக் கொண்டுவந்து நீட்டினார்கள். பழைய பேரேட்டிலிருந்து கிழித்த தாள், மையும் பழுப்பேறி இருந்தது. 'லை', 'னை' எல்லாம் அந்தக் காலத்து யானைத் துதிக்கை போட்டுத்தான் எழுதியிருந்தது. எனக்கே முதலில் சரியாகத்தான் பட்டது. அப்புறம் தாத்தா எழுதின மண்டிக் கணக்குச் சிட்டை நாலைந்தை வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். அவர் ஒரே பக்கத்தில் 'லை'யை மூன்று விதமாக எழுதுகிறவர். வரி ஆரம்பத்தில் துதிக்கை நன்றாக வளையும், வரிக் கடைசியில் அவசரத்தில் வெறும் ஒரு சுண்டல். கடுதாசியில் பதினோரு 'லை', பதினொன்றும் அச்சுப் போட்ட மாதிரி. தாளை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தால் 'ழ'வின் வளைவுக்கு நட்ட நடுவில் மை தேங்கிக் கிடக்கிறது. சொந்தக் கை அங்கே நிற்காது. பார்த்து எழுதுகிறவன்தான் பாதியில் பேனாவை நிறுத்தி, அடுத்து எந்தப் பக்கம் என்று மூலத்தைப் பார்ப்பான்.

ஆகையால் நீங்கள் தேடுகிற சொல்லில் 'எழுத்து' முக்கியமில்லை, கைதான் முக்கியம். எங்கள் ஊரில் ஜமுக்காளம் நெய்கிறவர்கள் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு 'இது இன்னார் கைவாகு' என்பார்கள். 'கைவாகு' என்றே வைக்கலாமே.

பொள்ளாச்சியிலிருந்து:

ஐயா சொன்ன கதை அருமை, சொல்தான் எனக்கு ஒட்டவில்லைங்க. 'அரிவாளைக் கைவாகா வை' என்றால் எட்டுகிற இடத்தில் வை என்று அர்த்தம். படிக்கிறவர்கள் குழம்புவார்கள். 1872 சாட்சியச் சட்டம் 45-ஆம் பிரிவு காலத்திலிருந்து நிபுணர் கருத்து என்று ஒன்று இருக்கிறது, பேப்பர்காரர்கள் 'கையெழுத்து நிபுணர்' என்றே எழுதிப் பழக்கிவிட்டார்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் 'எழுத்துத் தடயவியல்' போதும். தடயவியல் என்றால் டீக்கடையில்கூடத் தெரியும்.

கோபியிலிருந்து:

பொள்ளாச்சி அண்ணாவுக்கு: தடயவியல் என்றால் தாள், மை, பசை எல்லாம் உள்ளே வந்துவிடுகிறது. நான் பிரித்துக் காட்ட வேண்டியதே அதைத்தான். 1983-ல் ஜெர்மனியில் 'ஸ்டெர்ன்' பத்திரிகை வெளியிட்ட ஹிட்லர் நாட்குறிப்பு கதை தெரியும் இல்லையா. எழுத்து நிபுணர்கள் ஒப்பிட்டுப் பார்த்து அசல் என்றே சொன்னார்கள். அவர்களிடம் ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளிலேயே சில, நாட்குறிப்பை எழுதிய அதே கொன்ராட் குயாவின் கைவேலை. ஒரே கை எழுதினது ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? உரைகல்லே பித்தளை. கடைசியில் மாட்டிவிட்டது தாள்; போருக்குப் பிறகுதான் காகிதத்தில் சேர்க்க ஆரம்பித்த வெண்மையூட்டி அதில் இருந்தது. அங்கே தாள் காப்பாற்றியது, எழுத்து ஏமாற்றியது. மத்தில்டு கடிதத்தில் நேர் எதிர். இரண்டையும் 'தடயவியல்' என்று ஒரே சாக்கில் கட்டினால் கட்டுரையே எழுத முடியாது.

'கைவாகு' பற்றி. உடல்வாகு என்று சொல்லும்போது யாரும் குழம்புவதில்லை, இதுவும் பழகிவிடும். 'சித்திரமும் கைப்பழக்கம்' என்கிறோமே, அதனால் 'கைப்பழக்கம்' போடலாமா என்றும் யோசித்தேன், ஆனால் அது முயன்று பழகினது. ஐயா சொல்கிற அந்த வரிக் கடைசிச் சுண்டலை யாரும் பழகுவதில்லை, தானாக வந்து உட்கார்ந்துகொள்வது. அதற்குக் கைவாகுதான் சரி.

ஆனால் நேற்று ராத்திரி கட்டுரையில் 'கைவாகு' என்று எல்லா இடத்திலும் மாற்றிக்கொண்டே வந்தபோது ஓர் இடத்தில் கை நின்றுவிட்டது. மத்தில்டு விசயத்தில் சொன்னது கைவாகே இல்லை! 'அவள் இப்படித்தான் சுழிப்பாள்' என்றா சொன்னார்கள், 'அவள் காலத்துப் பள்ளிப் பிள்ளைகள் இப்படி எழுதப் பழகவில்லை' என்றல்லவா சொன்னார்கள். ஒரு தலைமுறைக்கே வாத்தியார் கொடுத்த கை அது. அதற்குத் தனிச்சொல் வேண்டும். 'பள்ளிக்கை' என்று வைத்திருக்கிறேன். அதற்கு ஜோடியாகத் 'தனிக்கை' என்று முதலில் போட்டு, அச்சில் 'தணிக்கை' என்று திருத்திவிடுவார்கள் என்ற பயத்தில் அடித்துவிட்டேன்.

பள்ளிக்கைக்கு நம் எழுத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1978-ல் அரசு ஆணை வந்து 'ணை, லை, ளை, னை', 'ணா, றா, னா' வகையறா 13 எழுத்தின் வடிவம் மாறியது. நாளைக்கே ஒருவர், 1964 டிசம்பரில் தனுஷ்கோடிப் புயலில் அடித்துப்போன ரயிலில் இருந்தவர் எழுதியது என்று ஒரு கடிதத்தைக் கொண்டுவருகிறார், அதில் 'லை' இன்றைய வடிவத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகப்படலாம். ஆனால் அதை மட்டும் வைத்துப் போலி என்று அடித்துப் பேச முடியாது, ஏனென்றால் நம் ஈரோட்டுக்காரர் 1935-லேயே 'குடி அரசு' இதழில் அந்த வடிவத்தில் அச்சடிக்க ஆரம்பித்துவிட்டார். அதைப் படித்து வளர்ந்த சுயமரியாதைக்காரர் ஒருவர் 1964-ல் புது 'லை' எழுதியிருக்கலாம். பள்ளிக்கை சந்தேகத்தைக் கிளப்பும். இன்னாருடையதா இல்லையா என்று தீர்க்க அவருடைய வேறு கடுதாசி வேண்டும், கைவாகு பார்க்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பொதுச்சொல்லுக்கு 'எழுதுகை ஆய்வு' என்று முன்வைக்கிறேன். எழுதுதல் என்றும் பொருள் வரும், எழுதுகிற கை என்றும் பொருள் வரும், கையெழுத்துப் போடுவது மட்டும் வராது. ஒரு தொல்லை உண்டு: 'எழுதுகையில் தெரிகிறது' என்று எழுதினால் 'எழுதும்போது' என்று ஆகிவிடும். வேற்றுமை உருபு சேர்க்காமல் 'எழுதுகை ஆய்வு', 'எழுதுகை ஆய்வாளர்' என்று மட்டும் புழங்கினால் தப்பிக்கலாம்.

வாக்கியம் இப்போது இப்படி நிற்கிறது: 'புட்டி அந்தக் காலத்தது என்றாலும், எழுதுகை ஆய்வில் அன்றைய பிரெஞ்சுப் பள்ளிக்கையோடு கடிதம் பொருந்தவில்லை.' அம்மாவிடம் மறுபடி கொடுத்தேன். இந்தத் தடவை கையெழுத்து எங்கே என்று கேட்கவில்லை, "அப்ப வேற எவனோ அந்தப் புள்ள பேர்ல புரளி கட்டியிருக்கான்" என்றார்.

'புரளிக் கடிதம்' என்பதையும் எடுத்துக்கொள்கிறேன். 'போலி' என்றால் காசுக்காகச் செய்தது போல ஒலிக்கிறது, இதை எவன் எதற்காகச் செய்தான் என்று யாருக்குத் தெரியும். மறுப்பு இருந்தால் ஞாயிறு ராத்திரிக்குள் எழுதுங்க, திங்கட்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டும். பவானி ஐயா, அந்தத் தண்ணீர் முறை வழக்கு கடைசியில் என்னதான் ஆச்சு?