கோடை விடுமுறையில் பொதுச் சுகாதாரப் பயிற்சி: பி.எஸ்சி. விலங்கியல் மாணவர்களுக்கு என்ன வழி?

சுபா_விலங்கியல்:
பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. மே, ஜூன் இரண்டு மாதமும் விடுமுறை. மேற்படிப்பைப் பொதுச் சுகாதாரத்தில் எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். அதற்கு முன் அந்த வேலை எப்படி இருக்கும் என்று நேரில் பார்த்துவிட வேண்டும். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) எஸ்டிஎஸ் என்னும் மாணவர் குறுகிய கால ஆய்வு உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்க முடியுமா? பணம் கட்டிச் சேரும் ஆன்லைன் இன்டர்ன்ஷிப்கள் பயன்படுமா?

களப்பணியாளர்:
எஸ்டிஎஸ், எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கு மட்டும்தான். அதை விட்டுவிடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தரும் ஆன்லைன் வகையையும் விட்டுவிடலாம். ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்டாமல் பொதுச் சுகாதாரம் எப்படி இருக்கும் என்று தெரியாது.

உங்களுக்கு எட்டும் இடங்கள்: அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை, அதன் கிராமப்புறப் பயிற்சி மையம், ஆரம்ப சுகாதார நிலையம். சென்னைப் பக்கம் என்றால் அயப்பாக்கத்தில் தேசிய கொள்ளைநோயியல் நிறுவனம் இருக்கிறது. விலங்கியல் என்பதால் புதுச்சேரி விசிஆர்சி (நோய்க்கடத்தி, அதாவது கொசு போல நோய் பரப்பும் உயிரிகளைக் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சி மையம்), ஓசூரில் மாநில அரசின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு நிறுவனம் இரண்டுக்கும் எழுதிப் பாருங்கள்.

கடிதம் பிப்ரவரியிலேயே போக வேண்டும். ஏப்ரல் கடைசியில் அனுப்பினால், அனுமதிக் கோப்பு நகர்ந்து முடிவதற்குள் கல்லூரி திறந்துவிடும். இணைக்க வேண்டியவை: போனஃபைடு சான்று (அந்தக் கல்லூரி மாணவர் என்பதற்கான சான்று), துறைத் தலைவரின் பரிந்துரை, ஒரு பக்க சுயவிவரம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது. "எது கொடுத்தாலும் செய்கிறேன்" என்று எழுதாதீர்கள். "கொசுப்புழுக் கணக்கெடுப்பில் உதவ விரும்புகிறேன்" என்று ஒன்றைச் சொன்னால் யாரிடம் அனுப்புவது என்று அலுவலகத்துக்கு உடனே தெரியும். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மருத்துவ அலுவலரைக் கேட்டால் மட்டும் போதாது, மாவட்ட சுகாதார அலுவலரின் அனுமதியும் வேண்டியிருக்கும்.

சேருமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: வாரத்தில் எத்தனை நாள் களம்? மூன்றுக்குக் குறைந்தால் மீதி நாளெல்லாம் பதிவேட்டைப் பார்த்து எக்செல்லில் ஏற்றும் வேலைதான். புதன்கிழமை தடுப்பூசி நாள், அதைத் தவறவிடாதீர்கள். குளிர்பெட்டியில் ஐஸ்பேக் அடுக்குவது முதல் வராத குழந்தையின் பெயரைத் தேடுவது வரை அன்று ஒரே இடத்தில் பார்க்கலாம்.

புள்ளியியல்_பித்தன்:
மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போனது. மக்களிடம் கேள்வி கேட்டு, அதை ஆய்வாக வெளியிடும் எண்ணம் இருந்தால் நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும். புதிதாக விண்ணப்பித்து இரண்டு மாதத்துக்குள் வாங்குவது பெரும்பாலும் நடக்காது. ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற ஆய்வுக்குள் ஒரு பகுதியை எடுத்துச் செய்யுங்கள்.

பயிற்சி முடிந்த பிறகு பலர் மாட்டிக்கொள்வது மாதிரி அளவில், அதாவது எத்தனை பேரிடம் கேட்பது என்பதில். விழிப்புணர்வு எத்தனை பேருக்கு இருக்கிறது என்று தெரியாதபோது 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 10 சதவீதப் புள்ளி பிழை போதும் என்றால் 96 பேர். 5 வேண்டும் என்றால் 384. பதில் தராதவர்கள் பத்தில் ஒருவர் என்று சேர்த்தால் 96 என்பது 107 ஆகும். தெருத்தெருவாக, கொத்துக்கொத்தாக எடுத்தால் இதை ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டும். பக்கத்து வீடுகள் ஒன்றைப் போலவே பதில் சொல்லும். 25 நிமிடப் படிவத்தோடு ஒருவர் ஒரு நாளில் 8 வீடு முடித்தாலே நல்ல வேகம். ஆக, இரண்டு பேர் பத்து நாளில் 160. இதை வைத்து எது சாத்தியம் என்று நீங்களே பாருங்கள்.

காலை பத்து மணிக்குப் போனால் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும். வேலைக்குப் போகிறவர்கள் விடுபட, முடிவு ஒரு பக்கம் சாயும். பாதி வீடுகளையாவது மாலை ஐந்தரைக்கு மேலோ ஞாயிற்றுக்கிழமையோ வைத்துக்கொள்ளுங்கள். மே வெயிலுக்கும் அதுதான் நல்லது.

படிவத்தை கோபோ டூல்பாக்ஸ் என்னும் தகவல் சேகரிப்புச் செயலியில் போட்டால் கைபேசியில் இணையம் இல்லாமலே நிரப்பலாம். "தெரியாது", "சொல்ல மறுத்தார்", "கேட்கவில்லை" மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடு வையுங்கள். மூன்றையும் வெற்றாக விட்டால் பின்னால் பிரிக்கவே முடியாது. வயதைக் கட்டாய எண்ணாகக் கேளுங்கள், "சுமார் 40" என்று எழுத விடாதீர்கள்.

இடம் கிடைக்காவிட்டால், ஸ்வயம் என்னும் அரசின் இணையவழிப் பாடத் தளத்தில் தேசிய கொள்ளைநோயியல் நிறுவனம் நடத்தும் 'ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமெண்டல்ஸ்' இருக்கிறது. பாடம் இலவசம், தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம்.

கொசுவலை:
விலங்கியல் படித்துவிட்டு எதற்குக் கேள்வித்தாளோடு அலைய வேண்டும்? பூச்சியியல் பக்கம் வாருங்கள். விசிஆர்சியில் எம்.எஸ்சி. பொதுச் சுகாதாரப் பூச்சியியல் இருக்கிறது, எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம்) என்றால் ஜிப்மர், எஸ்ஆர்எம் என்று பார்க்கலாம். (ஹெல்த் இன்ஸ்பெக்டர் வேலைக்கு பி.எஸ்சி. மட்டும் உதவாது, அதற்கான சானிட்டரி இன்ஸ்பெக்டர் படிப்பு தனி.)

கொசுப்புழு எடுப்பதற்கு டார்ச், பிப்பெட், அகப்பை, வெள்ளைத் தட்டு, மூடியுள்ள சிறு பாட்டில் போதும். தட்டு வெள்ளையாக இல்லாவிட்டால் முதல் பருவப் புழு கண்ணில் படாது. நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்திருந்தால் மலேரியா பரப்பும் அனாபிலஸ். குட்டையான மூச்சுக்குழலோடு தலைகீழாகத் தொங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸாக இருக்கலாம், ஆய்வகத்தில் உறுதிசெய்யுங்கள். மே மாதத்தில் டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லாம் காய்ந்துதான் கிடக்கும். பார்க்க வேண்டியது தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம், சிமென்ட் தொட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு. தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, சுவரைத் தேய்க்க வேண்டும். ஏடிஸ் முட்டை நீர்மட்டத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தே கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

சுபா_விலங்கியல்:
மூவருக்கும் நன்றி. பிரட்டோ குறியீடு (100 வீட்டுக்குப் புழு இருந்த பாத்திரம் எத்தனை என்பது) போடும்போது பூட்டிய வீடுகளைச் சேர்க்க வேண்டுமா?

கொசுவலை:
சேர்க்கக் கூடாது. பார்த்த வீடுகள் மட்டும்தான் பகுதி எண். உதாரணமாக 150 வீட்டுக்குப் போய் 30 பூட்டு, பார்த்தது 120. புழு இருந்த வீடு 18, பார்த்த பாத்திரம் 400, புழு இருந்த பாத்திரம் 30. வீட்டுக் குறியீடு (புழு இருந்த வீடுகளின் சதவீதம்) 15, பாத்திரக் குறியீடு (புழு இருந்த பாத்திரங்களின் சதவீதம்) 7.5, பிரட்டோ 25. 150-ஆல் வகுத்தால் பிரட்டோ 20 ஆகிவிடும். பூட்டிய 30-ஐயும் அறிக்கையில் தனியாக எழுதி, மாலையில் ஒரு முறை திரும்பிப் போய்ப் பாருங்கள்.