மறு: எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே கட்டும் லேசர் ஒளிவீழ்த்திக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். சிவப்பு 638, பச்சை 520, நீலம் 450 நானோமீட்டர் என மூன்று டையோடுகள். கற்றையைக் கிடையாகவும் செங்குத்தாகவும் திருப்ப இரண்டு கால்வோ ஆடிகள் (மின்சாரத்தால் சட்டெனத் திரும்பும் சிறு கண்ணாடிகள்). 'எந்த மின்வழங்கியை வாங்குவது' என்ற இயலில் வந்து நிற்கிறேன். எஸ்.எம்.பி.எஸ். (switched-mode power supply) என்றே எழுதலாம்தான். ஆனால் சென்னை ரிச்சி தெருவில் அப்படிக் கேட்டால் கம்ப்யூட்டருக்குள் மாட்டும் தகரப் பெட்டியை எடுத்து நீட்டுவார்கள். எனக்கு வேண்டியது 15 வோல்ட் தரும் உள்ளங்கை அளவுப் பெட்டி.

வரைவில் 'நிலைமாற்று முறை மின்வழங்கி' என்று போட்டிருக்கிறேன். ஒரு பத்தியில் நாலு இடத்தில் வந்தால் வாய் வலிக்கிறது. 'வெட்டு மின்வழங்கி' என்று சுருக்கலாமா?

மறு:

> 'வெட்டு மின்வழங்கி' என்று சுருக்கலாமா?

தம்பி, உள்ளே நடப்பது வெட்டுதான் என்பதால் பொருள் பொருந்துகிறது. ஆனால் மின்வெட்டு என்பது நம் வீடுகளில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த சொல். வெட்டு மின்வழங்கி என்றால் கரண்ட் போனால் கைகொடுக்கும் இன்வெர்ட்டர் என்றுதான் படிப்பவர் நினைப்பார். வேண்டாம்.

> 'நிலைமாற்று முறை மின்வழங்கி'

நீளத்தைவிடப் பெரிய சிக்கல் இதில் உண்டு. இலங்கைப் பாடநூல்களில் நிலைமாற்றி என்றால் டிரான்ஸ்பார்மர். நாம் மின்மாற்றி என்கிறோமே, அது. அங்கே ஒரு மாணவர் உங்கள் கையேட்டைப் படித்தால், கனமான மின்மாற்றியை வைத்துக் கட்டும் பழைய வகையைத்தான் சொல்கிறீர்கள் என்று கொள்வார். நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிரான பெட்டியை வாங்கிவிடுவார்.

வாங்குகிறவருக்கு இரண்டு வகையையும் பிரித்துக் காட்டுகிற சொல்தான் நமக்கு வேண்டும். அதற்கு உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுவோம். பழைய வகையில் 230 வோல்ட் நேராக மின்மாற்றிக்குள் போகிறது. நம் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ்தான். அதிர்வெண் தாழ்ந்தால் இரும்பு உள்ளகம் பருக்க வேண்டும், அதனால் 50 வாட்டுக்கே ஏறக்குறைய ஒரு கிலோ. அதன் பிறகு வரும் சீராக்கி (ரெகுலேட்டர்), மிச்ச வோல்ட்டை எல்லாம் சூடாகக் கரைக்கிறது. 20 வோல்ட் வாங்கி 15 வோல்ட் கொடுக்கும் 7815 சில்லு, ஒரு ஆம்பியருக்கு 5 வாட்டை வீணாக எரிக்கும். மூடிய ஒளிவீழ்த்திப் பெட்டிக்குள் லேசர் டையோடுகளுக்குப் பக்கத்தில் அந்தச் சூடு ஆகவே ஆகாது. டையோடு சூடேறினால் ஒளி குறையும், ஆயுளும் குறையும்.

புதிய வகை முதலில் 230 வோல்ட்டை நேர்மின்னோட்டமாக்குகிறது. அது சுமார் 325 வோல்ட். அதை மாஸ்ஃபெட் என்னும் மின்னணு சுவிட்ச் நொடிக்குப் பல்லாயிரம் முறை, சிலவற்றில் லட்சம் முறைக்கு மேலும், முழுதாகத் திறந்து முழுதாக மூடுகிறது. இடைநிலையில் நிற்பதில்லை, அதனால் சூடும் குறைவு. இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணுக்குத் தீப்பெட்டி அளவு ஃபெரைட் மின்மாற்றி போதும். 50 வாட் பெட்டி கால் கிலோவைச் சுற்றித்தான் நிற்கும்.

உள்ளே மின்சாரம் இப்படித் துடிப்புத் துடிப்பாகப் போவதால் என் பரிந்துரை 'துடிப்பு மின்வழங்கி'. ரஷ்ய மொழியிலும் இதைத் துடிப்பு என்று பொருள்படும் சொல்லால்தான் குறிக்கிறார்கள். பழைய வகைக்கு நேரியல் மின்வழங்கி என்பது முன்பே புழக்கத்தில் இருக்கிறது.

சொல்லுக்கு அப்பால், உங்கள் இயலில் இடம்பெற்றே ஆக வேண்டியவை சில. கால்வோ ஆடிகளை ஓட்டும் பெருக்கிக்கு +15, −15 வோல்ட் என்று இரு பக்கமும் வேண்டும். மூன்று வெளியீடு உள்ள ஒரே பெட்டியை வாங்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். பலவற்றில் எதிர்ப்பக்கம் அரை ஆம்பியரைத் தாண்டாது; கால்வோவோ இரு பக்கமும் ஒரே அளவுதான் இழுக்கும். அதோடு அப்பெட்டிகளில் பெரும்பாலும் 5 வோல்ட் வெளியீட்டை மட்டுமே சரியாகக் கட்டுப்படுத்துவார்கள், மற்றவை சுமைக்கேற்ப ஆடும். தனித்தனியாக இரண்டு 15 வோல்ட் பெட்டிகளை வாங்கி, முதலாவதன் எதிர்முனையை இரண்டாவதன் நேர்முனையோடு சேர்த்து, அந்தச் சந்திப்பைப் பொதுமுனையாக்குவதே நல்லது. சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு பெட்டியிலும் வெளியீட்டின் எதிர்முனைக்கும் தகர உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். தொடர்பு காட்டினால் அந்தப் பெட்டி இதற்கு உதவாது. இரண்டாவதை அப்படியே சேர்த்தால் உடல் வழியாகக் குறுக்குச்சுற்று ஆகிவிடும்.

ஆம்பியரைச் சராசரி பார்த்து வாங்காதீர்கள். ஆடி ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தாவும் கணத்தில்தான் இழுவை உச்சத்துக்குப் போகும். அப்போது வோல்ட் சரிந்தால் சதுரத்தின் மூலைகள் மழுங்கும். இதற்குப் பெருக்கியின் அருகிலேயே 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வைப்பது வழக்கம். நல்லதுதான் என்று அதை அடுக்கிக்கொண்டே போகக்கூடாது. மின்தேக்கி நிரம்பும் இழுவையைக் குறுக்குச்சுற்று என்று எண்ணி, பெட்டி விக்கி விக்கி நின்று நின்று இயங்கும்.

மறு:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். நிலைமாற்றி பற்றி அண்ணை சொன்னது முழுக்கச் சரி. இங்கே அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே இல்லை.

ஆனால் துடிப்பு மின்வழங்கியை நான் ஏற்கமாட்டேன், அதுவும் லேசர் பற்றிய நூலில். 1960இல் தியோடர் மைமன் மாணிக்கக் (ரூபி) கோலில் முதல் லேசரை எழுப்பியபோது, மின்னொளிக் குழலுக்குள் மின்னேற்றத்தை ஒரே வீச்சில் கொட்டித்தான் எழுப்பினார். இன்றும் அந்த வகை லேசர்களுக்கு, தேக்கி வைத்துத் துடிப்புத் துடிப்பாக வெளியே விடும் வழங்கிதான் வேண்டும். துடிப்பு மின்வழங்கி என்ற பெயர் அதற்குத்தான் சேர வேண்டியது. உங்கள் பெட்டி உள்ளே துடித்தாலும் வெளியே தருவது சீரான நேரோட்டம். அதன் வெளியீட்டில் துடிப்புத் தெரிந்தால் அது பழுது!

சுவிட்சுக்கு எங்கள் பாடநூல்களில் ஆளி என்று சொல்லுகிறோம். வீட்டு மின்விசிறி ஆளி முதல் இலத்திரனியல் பாடம் வரை அதே சொல். மாஸ்ஃபெட் அங்கே முழுதாகத் திறந்து மூடும் ஆளியாகத்தானே வேலை செய்கிறது? 'ஆளிமுறை மின்வழங்கி' என்று வைக்கலாம்.

மறு:

ஏற்கிறேன் ஐயா. மைமன் எடுத்துக்காட்டுக்குப் பிறகு துடிப்பைப் பிடித்துக்கொண்டிருப்பதில் நியாயம் இல்லை. ஆளி என்றால் தமிழ்நாட்டில் முதலில் ஆளி விதை நினைவுக்கு வரும். ஆனால் 'முறை' என்று ஒட்டிய பிறகு அந்தக் குழப்பம் நிற்காது. நேரியல், ஆளிமுறை என இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடும் தெளிகிறது. 'சொடுக்குமுறை' என்றும் யோசித்தேன். சொடுக்கு என்பது மவுஸ் கிளிக்குக்கு நிலைத்துவிட்டது.

தம்பி, முதல் இடத்தில் மட்டும் 'கடையில் எஸ்.எம்.பி.எஸ். என்று கேளுங்கள்' என ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கடைக்காரரிடம் இந்தச் சொல் போய்ச் சேர நாளாகும்.

மறு:

இருவருக்கும் நன்றி. எச்சரிக்கைப் பத்தியை இந்தச் சொல்லை வைத்தே எழுதிப் பார்த்தேன். இடறினால் சொல்லுங்கள்:

"கால்வோவுக்கான இரு ஆளிமுறை மின்வழங்கிகளில் ஒன்று நின்றாலும் ஆடி அசையாது, கற்றை ஒரே புள்ளியில் குவிந்து நிற்கும். 500 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட லேசர் நான்காம் வகுப்பைச் சேர்ந்தது. அந்தப் புள்ளி கண்ணில் பட்டால் பார்வை போகும். ஆகவே +15, −15 இரண்டும் இருந்தால் மட்டுமே லேசர் இயக்கிக்கு மின்சாரம் செல்லும்படி ஒரு ரிலேவை அமைக்கவும். அதோடு ஆடியின் அசைவையே கண்காணித்து லேசரை அணைக்கும் காப்புச் சுற்றும் தேவை. கால்வோவை முதலில் எழுப்பவும், லேசரைப் பிறகு. அணைக்கும்போது வரிசையைத் தலைகீழாக்கவும். ஆளிமுறை மின்வழங்கியின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்."