திங்கள் இரவு, பிட்ஸ்பர்க்: முதல் ஆட்டத்தில் 27க்கு 25

மூன்றாறு

முதல் ஆட்டத்திலேயே ஊரைத் திகைக்க வைத்த கல்லூரி ஆட்டக்காரரை நேரில் பார்த்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? கேட்டவனே முதலில் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

2013 செப்டம்பர் 2, அமெரிக்காவில் தொழிலாளர் தின விடுமுறை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்குச் சேர்ந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அமெரிக்கக் கால்பந்து என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. மாணவர் டிக்கெட் மலிவு, வளாகம் இருக்கும் ஓக்லாந்து பகுதியிலிருந்து, அன்று ஹெய்ன்ஸ் ஃபீல்டு எனப்பட்ட மைதானம்வரை பல்கலைக்கழகமே பஸ் விட்டது. இந்த இரண்டு காரணங்களுக்காகத்தான் போனேன். கூட வந்தவர் என் அறைத்தோழர். மதுரைக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பஸ்ஸிலேயே பாடம் நடத்தினார். நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடியும் நான்கு முயற்சி. குவார்ட்டர்பேக் பந்தை வாங்கிய இரண்டு மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுத்தாக வேண்டும். தாமதித்தால் மலை மாதிரி ஆட்கள் மேலே வந்து விழுவார்கள். "மீதியைப் பார்த்துத் தெரிந்துகொள் தம்பி" என்றார்.

இரண்டு ஆறுகள் கூடி ஓஹையோ ஆறாகும் இடத்துக்கு எதிரே மைதானம். எங்கு பார்த்தாலும் மஞ்சள் இருக்கைகள். ஸ்கோர்போர்டின் உச்சியில் இரண்டு ராட்சத கெட்ச்அப் பாட்டில்கள். அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரி லீக்கில் சேர்ந்த பிறகு எங்கள் பல்கலைக்கழகம் ஆடும் முதல் ஆட்டம் அது. எதிரே ஃப்ளோரிடா ஸ்டேட், தரவரிசையில் 11ஆம் இடம். அவர்களுடைய பழைய குவார்ட்டர்பேக் ஈ.ஜே. மேனுவல் அந்த ஆண்டுதான் தொழில்முறை அணிக்குப் போயிருந்தார். அவர் இடத்தில் 19 வயது 'முதலாண்டு' ஆட்டக்காரர் ஜேமிஸ் வின்ஸ்டன், சட்டை எண் 5. கல்லூரி ஆட்டத்தில் அதுவரை ஒரு பந்துகூட எறியாதவர்.

முதலில் டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்ப்பது) போட்டது நாங்கள்தான். 7-0. விதி முழுதாகப் புரியாமலே நானும் தொண்டை கிழியக் கத்தினேன். "புதுப் பையன், முதல் ஆட்டம், அதுவும் அடுத்தவன் ஊரில். இன்று நமக்கு விருந்துதான்" என்றார் அண்ணன். விருந்து நடந்தது. இலை போட்டது நாங்கள், சாப்பிட்டது அவர்கள்.

எதிரணி கையில் பந்து இருக்கும்போது உள்ளூர்க் கூட்டம் காது கிழியக் கத்த வேண்டும் என்பது இங்கே சம்பிரதாயம். குவார்ட்டர்பேக் சொல்லும் கட்டளை அவர் ஆட்களுக்கே கேட்கக் கூடாது. நாங்கள் ஒன்றும் குறை வைக்கவில்லை. அந்தப் பையனோ சந்தைக்கு வந்தவர் மாதிரி நிதானமாக வரிசைக்குப் பின்னால் நின்று, பந்தை வாங்கி, பார்த்து, எறிந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லாம் போய்ச் சேர்ந்தன. நிக் ஓலியரி என்ற டைட் எண்ட் (எறியும் பந்தைப் பிடிப்பவர்களில் ஒரு வகை) மட்டும் மூன்று டச்டவுன் பிடித்தார். கோல்ஃப் மேதை ஜாக் நிக்லாஸின் பேரன் அவர். இதையும் அண்ணன்தான் சொன்னார். அப்போது கோல்ஃப் பற்றி யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

எங்களுக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர், மடியில் சுருள்கம்பி நோட்டு, கையில் பென்சில். எதிரணி எறிந்த பந்துகளை, அதாவது பாஸ்களை, 'சேர்ந்தது', 'சேராதது' என்று இரண்டு பத்தியாகக் கோடு போட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் திரும்பி, ஒன்றும் சொல்லாமல் அண்ணனிடம் நோட்டை நீட்டினார். ஒரு பத்தியில் கோடுகள் ஐந்து ஐந்தாகக் கட்டப்பட்டு 25. மற்றதில் இரண்டே இரண்டு. அந்த இரண்டுக்கும் எங்கள் பகுதி எழுந்து நின்று கைதட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோற்கிறவனுக்கும் கொண்டாட ஏதாவது வேண்டுமே!

வின்ஸ்டனின் கணக்கு: 356 யார்டு, நான்கு டச்டவுன் பாஸ், தானே ஓடிப் போட்ட டச்டவுன் ஒன்று. ஆட்டம் 41-13.

எனக்குப் பதிந்தது எண்கள் அல்ல, அவரிடம் பதற்றத்தின் சாயல்கூட இல்லாதது. புதிதாக வந்தவன் என்ற நடுக்கம் அன்று மைதானத்தில் ஒரே ஓர் ஆளிடம்தான் இருந்தது. நான்தான் அது: எந்த வகுப்புக்கு எந்த மாடி என்று தெரியாமல், கடையில் சில்லறை எண்ணத் தடுமாறிக்கொண்டிருந்தவன். என்னைவிட இளையவர் ஒருவர் வேற்றூரில், முதல் நாளில், அப்படி நின்றதைப் பார்த்தபோது பொறாமைகூட வரவில்லை. வேடிக்கை பார்க்கத்தான் தோன்றியது.

எங்கள் கல்லூரி அணி வென்றால் 42 மாடி கதீட்ரல் ஆஃப் லேர்னிங் கோபுரத்தின் உச்சியில் பொன்னிற விளக்கு ஏற்றுவார்கள். அன்றிரவு பஸ்ஸில் திரும்பும்போது கோபுரம் இருட்டாக நின்றது.

மறுநாள் அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் 1988 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நரேந்திர ஹிர்வானியின் முதல் டெஸ்ட்டை நேரில் பார்த்தவர். வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 136 ரன்னுக்கு 16 விக்கெட். "முதல் ஆட்டத்தில் அவன் என்ன செய்வான் என்று எதிராளிக்குத் தெரியாது. அடுத்த வருஷம் பார்" என்றார். ஹிர்வானி மொத்தம் ஆடியது 17 டெஸ்ட்.

---

டல்லஹாசி மாணவி

மூன்றாறு அண்ணா, அன்று நான் எதிர்ப்பக்கம். ஃப்ளோரிடா ஸ்டேட்டில் இரண்டாம் ஆண்டு. விடுதிப் பொது அறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தோம், நாற்காலி கிடைக்காமல்.

உங்கள் ஊர் திகைத்தது. எங்கள் ஊர் 'நாங்கள்தான் சொன்னோமே' என்றது. முந்தைய ஆண்டு முழுவதும் அவர் பெஞ்சில்தான் இருந்தார். ஆனாலும் வளாகத்தில் அவரைத் தெரியாதவர் இல்லை. 2012இல் டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணி தேர்ந்தெடுத்தும் போகாமல், அலபாமாவின் பெஸ்ஸமரிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்தவர். 2013 வசந்தத்தில் டிக் ஹௌசர் மைதானத்தில் எங்கள் பேஸ்பால் அணிக்கு அவர் ஆடியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தக் கையிலிருந்து பந்து கிளம்பும் வேகத்தைப் பார்த்தவர்களுக்குப் பிட்ஸ்பர்க்கில் நடந்தது பெரிய அதிசயம் அல்ல.

அவரோடு அந்தக் குவார்ட்டர்பேக் இடத்துக்குப் போட்டியிட்டவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. க்ளின்ட் ட்ரிக்கெட் வெஸ்ட் வர்ஜீனியாவுக்குப் போனார். ஜேக்கப் கோக்கர் ஓர் ஆண்டு பொறுத்திருந்து அலபாமாவுக்கு மாறினார், 2015 பருவத்தில் அந்த அணியோடு தேசியப் பட்டமே வென்றார். ஒருவருடைய அரங்கேற்றம் என்றால், பக்கத்தில் இன்னொருவர் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்றும் அர்த்தம்.

டிசம்பரில் அவருக்கு ஹைஸ்மன் விருது, ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தருவது. 2014 ஜனவரி 6 அன்று பாசடீனாவில் ஆபர்ன் அணிக்கு எதிராக இறுதி ஆட்டம். அன்றுதான் அவருடைய 20ஆவது பிறந்தநாள். 21-3 என்று பின்தங்கியிருந்தோம். முதல் பாதியில் அவரிடம் செப்டம்பர் மாதத்து நிதானம் துளிகூட இல்லை; பந்துகள் எங்கெங்கோ போயின. கடைசியில் 13 நொடி மீதமிருக்கும்போது கெல்வின் பெஞ்சமினுக்கு எறிந்து 34-31 என்று வென்றோம். பிட்ஸ்பர்க் ஆட்டம் அழகுதான். என்னைக் கேட்டால், தடுமாறி மீண்ட இந்த ஆட்டம்தான் பெரிது. களத்துக்கு வெளியே அவர் பெயர் அடிபட்ட விவகாரங்கள் தனி. அவற்றை இங்கே நான் இழுக்கவில்லை.

---

கணக்குப்பிள்ளை

கொண்டாட்டத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

வின்ஸ்டன் 'முதலாண்டு' ஆட்டக்காரர் என்பது ஏட்டுக் கணக்கு. ஒரு பருவம் ஆடாமல் அணியோடு பயிற்சி மட்டும் செய்தால் அந்த ஆண்டு கணக்கில் சேராது. அன்றைய விதிப்படி, ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவம் ஆடிக்கொள்ளலாம். இதைத்தான் ரெட்ஷர்ட் என்கிறார்கள். அதாவது பிட்ஸ்பர்க்குக்கு வந்தவர் ஓராண்டு முழுக்க ஆட்டத்திட்டத்தை மனப்பாடம் செய்தவர். 2012இல் ஹைஸ்மன் வென்ற முதல் முதலாண்டு ஆட்டக்காரர் ஜானி மன்ஸெல்லும் இதே ரகம். அவர் முதல் ஆட்டத்தில் ஃப்ளோரிடா அணியிடம் (ஃப்ளோரிடா ஸ்டேட் அல்ல, வேறு பல்கலைக்கழகம்) 20-17 என்று தோற்றார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பருவத்தின் முடிவை முதல் நாளை வைத்துக் கணிக்க முடியாது.

இன்னொன்று, அந்த ஆண்டு பிட்ஸ்பர்க்கின் கணக்கு 7 வெற்றி, 6 தோல்வி. பயங்கரமான அணி அல்ல.

பள்ளியை முடித்த சூட்டோடு வந்து ஆடியவரை யாராவது பார்த்தீர்களா? அதைச் சொல்லுங்கள், கேட்கிறேன்.

---

ஆர்லிங்டன் அத்தை

நான் பார்த்தேன். 2016 செப்டம்பர் 3, ஆர்லிங்டனில் ஏடி அண்ட் டி மைதானம். அலபாமாவும் சதர்ன் கலிஃபோர்னியாவும் மோதின. என் அக்கா மகன் அலபாமாவில் படித்தான், டிக்கெட் எடுத்து வைத்துவிட்டு "சித்தி, வந்தே ஆக வேண்டும்" என்று பிடிவாதம். எனக்கு அந்த ஆட்டத்தைவிட உள்ளே இருந்த குளிர்சாதனம் பிடித்திருந்தது. வெளியே டெக்ஸஸ் வெயில்.

ஜேலன் ஹர்ட்ஸ், வயது 18. பள்ளியைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஜனவரியிலேயே கல்லூரிக்கு வந்துவிட்டவர். அன்று ஆட்டத்தைத் தொடங்கியது அவர் இல்லை, ப்ளேக் பார்னெட். கொஞ்ச நேரத்தில் இவரை இறக்கினார்கள். கல்லூரி வாழ்க்கையின் முதல் பந்து கைக்கு வந்தது, நழுவியது, எதிரணி எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான்! மைதானமே 'ஐயோ' என்றது. என் அக்கா மகன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். அந்தப் பெரிய திரையில் அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பெற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்களே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

மூன்றாறு தம்பி சொன்ன பதற்றமின்மை வேறு, நான் பார்த்தது வேறு. இது உலகமே பார்க்க விழுந்து எழுந்தது. பயிற்சியாளர் நிக் சேபன் அவரை மறுபடியும் உள்ளே அனுப்பினார். 39 யார்டு பாஸ் ஒன்று ஆர்டேரியஸ் ஸ்டூவர்ட் கையில் விழுந்து டச்டவுன் ஆனது. அதன் பிறகு மடை திறந்த கதைதான். மொத்தம் எறிந்தது 11, சேர்ந்தது 6. கணக்குப்பிள்ளை சாரின் நோட்டில் இது சுமார் மதிப்பெண்தான். ஆனால் எறிந்து இரண்டு டச்டவுன், ஓடி இரண்டு டச்டவுன். ஆட்டம் 52-6.

அடுத்த வாரத்திலிருந்து அவர்தான் தொடக்க ஆட்டக்காரர். அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டத்தில் க்ளெம்சன் ஒரே ஒரு நொடி மீதமிருக்கும்போது 35-31 என்று பறித்துக்கொண்டது. அதற்கடுத்த ஆண்டின் இறுதியில், 2018 ஜனவரியில், இடைவேளையோடு இவரை உட்காரவைத்துவிட்டு டுவா டாகோவைலோவா என்ற இன்னொரு முதலாண்டுப் பையனை இறக்கினார்கள். அந்தப் பையன் ஜெயித்துக் கொடுத்தார். டல்லஹாசி மகளே, நீ சொன்ன பெட்டி கட்டும் கதை முதலில் இறங்கியவருக்கும் உண்டு. ஹர்ட்ஸ் கடைசிப் பருவத்துக்கு ஓக்லஹோமா போனார். 2025 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா அணிக்கு, தொழில்முறை லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வென்று ஆட்டநாயகனாக நின்றபோது என் அக்கா மகன் நள்ளிரவில் என்னைக் கூப்பிட்டு, "சித்தி, அந்த நழுவின பந்து நினைவிருக்கிறதா?" என்றான். தூக்கக் கலக்கத்தில் திட்டிவிட்டு வைத்தேன்.

---

மூன்றாறு

அத்தை, அந்த நழுவிய பந்துக்காகவே நான் ஆர்லிங்டனில் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

அப்பாவின் சந்தேகமும் ஓரளவு பலித்தது. வின்ஸ்டன் 2015இல் தொழில்முறைத் தேர்வில் முதல் ஆளாகவே எடுக்கப்பட்டார். 2019இல் டாம்பா பே அணிக்கு ஒரே பருவத்தில் 33 டச்டவுன் பாஸ் எறிந்தார், எதிரணி கையிலும் 30 கொடுத்தார். அப்படி ஒரு கணக்கு அந்த லீக்கில் அதற்கு முன் கிடையாது.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அன்று எங்கள் பக்கமும் ஒருவர் ஆடினார், எண் 97, ஆரோன் டொனால்ட். பாதுகாப்பு வரிசையில், கடைசி ஆண்டு மாணவர். பென் ஹில்ஸ் பள்ளியில் படித்த பையன். பிட்ஸ்பர்க்கில் இருந்த தமிழர்களுக்குப் பென் ஹில்ஸ் என்றால் வெங்கடேசுவரர் கோவில்தான். புளியோதரைக்காகவே எத்தனையோ வாரம் அந்த மேடேறியிருக்கிறேன். அதே ஊர்ப் பள்ளியில் படித்தவர் அந்தப் பருவத்தில் அவுட்லண்ட், நகர்ஸ்கி, பெட்னரிக், லொம்பார்டி என நான்கு பெரிய விருதுகளையும் வாரினார். பிறகு தொழில்முறை லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை மூன்று முறை வென்று, 2024இல் ஓய்வு பெற்றார். அன்றிரவு அவர் பெயர் என் காதில் விழுந்ததாகவே நினைவில்லை.

இதை எழுதுவதற்காகப் பழைய கைபேசிப் படங்களைத் தேடினேன். 14 படங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் நடுவில் எண் 5. ஒன்றில் மட்டும் ஓரத்தில், கலங்கலாக, பாதி வெட்டுப்பட்ட ஒரு 97.