உடம்பு இளைச்சாச்சு, கைத் தோல் மட்டும் தொங்குது: உங்களுக்கு நடந்ததை எழுதுங்க

கொருக்குப்பேட்டைக்காரி:

102 கிலோவுல இருந்து 66-க்கு வந்தேன். எப்படின்னு கேட்காதீங்க, அது வேற கதை. தம்பி கல்யாணத்துக்கு எம்.சி. ரோட்டுல பட்டு எடுத்துட்டு, பக்கத்துச் சந்துல ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனேன். புது டைலர் அக்கா. மார்பு, இடுப்பு, தோள் எல்லாம் மளமளன்னு அளந்தாங்க. கை லூஸ் எடுக்க டேப்பைச் சுத்தினவங்க அப்படியே நின்னுட்டாங்க. கையைத் தூக்கினா ஒரு அளவு, இறக்கினா ஒரு அளவு. "ஏம்மா, இந்தத் தோலைச் சேர்த்து எடுக்கட்டுமா, தள்ளிட்டு எடுக்கட்டுமா?"ன்னு கேட்டாங்க. கடை நிறைய ஆளுங்க.

அவங்க மேல தப்பே இல்ல. கை இறுக்கமா இருந்தா தோல் பட்டிக்குக் கீழே பிதுங்கும், லூசா விட்டா ஜாக்கெட் பையாத் தொங்கும். அதுக்குத்தான் கேட்டாங்க. "முட்டி வரைக்கும் கை வெச்சிடுங்கக்கா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். கல்யாணத்துல எல்லாரும் "பாதியாயிட்டியே"ன்னு சந்தோஷப்பட்டாங்க. எனக்குக் காதுல அந்தக் கேள்விதான். குண்டா இருந்தப்போகூட என் உடம்புல ஒரு இடத்தைப் பிடிச்சு, இது உன் கணக்குல சேர்த்தியா இல்லையான்னு யாரும் கேட்டதில்ல.

காசிமேடு ஐஸ்காரன்:

எனக்கு சுகர் இல்ல. முதல்லயே சொல்லிடுறேன்.

ஞாயித்துக்கிழமை விடியக்காலைல ஏலம் நடந்துட்டிருக்கு. நான் பனியனோட ஐஸ் பெட்டி இறக்கிட்டிருக்கேன். ஸ்கூல்ல கூடப் படிச்சவன், போட்டுல போறவன், ரொம்ப நாள் கழிச்சுப் பார்க்குறான். பெட்டியைப் பிடிக்கக் கையைத் தூக்கினப்போ தோல் ஆடினதைப் பார்த்துட்டான். ஓரமா இட்டுனு போய், "டேய், இன்னா ஆச்சு உனக்கு? டிபியா? என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"ன்னு கேட்டு, மடியில இருந்த காசை எடுத்து என் கையில திணிச்சான். ஏலக் காசு, ஈரம்கூடக் காயலை. வேணும்னேதான் இளைச்சேன்டா, நடந்து, சோத்தைக் குறைச்சு இளைச்சேன்னு சொன்னா நம்பவே இல்ல. "அப்போ இது ஏன் தொங்குது?"ன்னான்.

காசை அவன் சம்சாரத்துகிட்ட திருப்பிக் குடுத்துட்டேன். எங்க பக்கம் ஒருத்தன் இளைச்சா சந்தோஷப்பட மாட்டாங்க, பயப்படுவாங்க. டிபில போனவங்களைப் பார்த்த தெரு இது. அவன் மேல எனக்குக் கோவமே வரலை. ஆனா அவன் கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அதான் இன்னும் அறுக்குது.

விம்கோ நகர் ஜிம் பையன்:

அண்ணே, பதில் நான் சொல்றேன். தோலுக்குள்ள கொலாஜன், எலாஸ்டின்னு நார் மாதிரி புரதங்கள் இருக்கு. வருஷக்கணக்கா இழுபட்ட லாஸ்டிக் மாதிரி, ரொம்ப நாள் விரிஞ்சே இருந்தா அதுக்குச் சுருங்குற சக்தி குறைஞ்சிடும். வயசு, சிகரெட், வெயில், எத்தனை கிலோ குறைஞ்சது, எவ்வளவு வேகமா குறைஞ்சது, எல்லாத்துக்கும் இதுல பங்கு இருக்கு. நோய்க்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. உங்க சிநேகிதர்கிட்ட தைரியமா சொல்லுங்க.

எனக்கு நடந்தது சின்னதுதான். மெட்ரோல மேல பிடியைப் பிடிச்சு நின்னேன். உட்கார்ந்திருந்த சின்னப் பையன் என் கையைப் பார்த்துட்டு, தன் கையையும் தூக்கி ஆட்டிப் பார்த்தான். அடுத்த நாளே ஜிம்.

மேல்கைத் தசையில மூணுல ரெண்டு பங்கு பின்பக்கம் இருக்கிற டிரைசெப்ஸ்தான். அதை வளர்த்தா தோலுக்குள்ள காலியான இடம் நிரம்பும். ஜிம்முக்குக் காசு வேணாம். சுவத்துல கையை ஊனி தள்ளுங்க. அப்புறம் கட்டில் விளிம்பைப் பிடிச்சு உடம்பை இறக்கி ஏத்துங்க. 5 லிட்டர் கேன்ல பாதி தண்ணி நிரப்பி, தலைக்குப் பின்னால இறக்கித் தூக்குங்க. வாரத்துல மூணு நாள் போதும், தசைக்கு ஓய்வு வேணும். புரதம் முக்கியம்: முட்டை, சுண்டல், மீன். காசிமேட்டுல இருந்துக்கிட்டு மீனுக்குப் பஞ்சமா? டைலர் அக்கா கேட்டதுக்கெல்லாம் கலங்காதீங்க கொருக்குப்பேட்டை அக்கா. விடாம பண்ணினா தோல் தானா ஒட்டிக்கும். ஆபரேஷனெல்லாம் சோம்பேறிங்க தேடுற வழி.

பெரம்பூர் அக்கா:

தம்பி, அந்தச் சோம்பேறி நான்தான். நானும் கேன் தூக்கினேன், வருஷக்கணக்கா. உள்ளே தசை கெட்டியாச்சு, தோல் அது பாட்டுக்குத் தொங்குச்சு. கொஞ்சமா தளர்ந்தவங்களுக்கு நீ சொல்றது உதவும். நாற்பது, அம்பது கிலோ இறங்கினவங்களுக்குத் தானா ஒட்டிக்கும்னு சொல்லாதே. ஒட்டாதப்போ அவங்க தங்களைத்தான் திட்டிக்குவாங்க.

நான் பண்ணிக்கிட்டதுக்குப் பேரு பிராக்கியோபிளாஸ்டி, மேல்கைல தொங்குற தோலை வெட்டி எடுத்துத் தைக்கிற ஆபரேஷன். எடை ஆறு மாசமாவது ஏறாம இறங்காம நின்ன பிறகுதான் பண்ணுவாங்க. டாக்டர் என்னை நிக்க வெச்சு, கையை விரிக்கச் சொல்லி, அக்குள்ல இருந்து முட்டி வரைக்கும் பேனாவால கோடு போட்டார். "இங்கதான் தழும்பு வரும். மங்கும், ஆனா போகாது. சம்மதமா?"ன்னு கேட்டார். சம்மதிச்சேன். அப்புறம் பல வாரம் இறுக்கமான உறை மாட்டியே இருக்கணும்.

மனசுல நிக்கிறது அது இல்ல. பஸ்ல கம்பியைப் பிடிச்சு நின்னப்போ, பக்கத்துல ஒரு அம்மா தழும்பைப் பார்த்துட்டு, என் காதுகிட்ட வந்து "வீட்டுக்காரனா?"ன்னு கேட்டாங்க. இல்லம்மா, ஆபரேஷன்னு சொன்னேன். "எல்லாரும் அப்படித்தான் கண்ணு சொல்வாங்க"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க, மூலக்கடை வரைக்கும். அவங்க யாரை நினைச்சுக் கேட்டாங்களோ.

விம்கோ நகர் ஜிம் பையன்:

அக்கா, உங்களுக்கு வசதி இருந்துச்சு. இன்சூரன்ஸ்ல இதை அழகுக்குன்னு சொல்லித் தள்ளிடுவாங்க. இல்லாதவங்களுக்கு கேன்தானே வழி?

பெரம்பூர் அக்கா:

தனியார்ல செலவு அதிகம்தான். சீட்டு எடுத்துத்தான் கட்டினேன். நம்ம ஸ்டான்லி கவர்மென்ட் ஆஸ்பத்திரிலயே பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவு இருக்கு, கை அறுவை சிகிச்சைக்குப் பேர் போன இடம். புறநோயாளி சீட்டு வாங்கிக் காட்டிக் கேட்கலாம். என்ன சொல்றாங்களோ, டாக்டர் வாயால கேட்டுக்கிறது நல்லது.

திருவொற்றியூர் பொண்ணு:

எனக்கு இல்ல, அம்மாவுக்கு. முட்டிவலிக்காக எடை குறைச்சாங்க. அதுல இருந்து கத்திரி வெயில்லயும் முழுக்கை ஜாக்கெட்தான். பௌர்ணமிக்கு வடிவுடையம்மன் கோவிலுக்குப் போனோம். அம்மா எப்பவும் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கித்தான் கும்பிடுவாங்க. அன்னைக்கு நெஞ்சோட ஒடுக்கிக்கிட்டு நின்னாங்க. கூச்சம்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்து ஜாக்கெட்டைக் கழட்டச் சொல்லிப் பார்த்தா, அக்குளுக்குக் கீழே தோல் மடியுற இடமெல்லாம் செக்கச் செவேல்னு புண்ணு. தூக்க முடியாமத்தான் தூக்கலை.

மெடிக்கல்ல கேட்டு ஏதோ களிம்பு போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. தோல் டாக்டர் அதைப் பார்த்துட்டு, இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு, முதல்ல அரிப்பை அடக்கும், பூஞ்சையைப் பரப்பிடும்னு நிறுத்தச் சொன்னாங்க. பூஞ்சைக்கு மருந்து கொடுத்தாங்க. குளிச்சதும் மடிப்பைத் தூக்கி ஈரம் போக ஒத்தி எடுக்கணும், லூசான பருத்தித் துணிதான் போடணும். இப்போ ஆறிடுச்சு. இதைப் பத்தி இங்க யாரும் எழுதலைன்னுதான் எழுதுறேன்.

பெரம்பூர் அக்கா, அந்த இறுக்கமான உறையை நம்ம ஊர் வேர்வையில எப்படிச் சமாளிச்சீங்க? ராத்திரியும் கழட்டக் கூடாதா? அம்மா ஸ்டான்லிக்குப் போய்க் கேட்கலாமான்னு யோசிக்கிறாங்க. உறைக்குள்ள மறுபடி புண்ணு வந்துடுமோன்னுதான் பயம்.