மனப்பாடமாக இருந்த பாட்டு கைகொடுத்த நேரம்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கடற்கரைப்பக்கம், வெள்ளவத்தை

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. எதைக் கேட்டாலும் "இல்லை, இல்லை" மட்டும்தான். ஓம் என்பதற்கும் அதே இல்லைதான்.

ஆஸ்பத்திரியில் பின்னேரம் ஆட்களை உள்ளே விடுகிற நேரம் பெரிய மாமி வந்தார். ஜெபம் பண்ணிவிட்டு, எங்கள் வீட்டில் இரவு ஜெபத்துக்கு வழக்கமாகப் பாடுகிற கீர்த்தனையை மெல்லத் தொடங்கினார். பல்லவி இரண்டாம் தரம் வரும்போது அப்பாவின் வாய் அசைந்தது. அனுபல்லவியில் குரல் வந்தது, சொல் சொல்லாக, தெளிவாக. மூன்றாம் சரணத்தில் மாமிக்கு வரி வராமல் நின்றுவிட்டது. அப்பா நிற்கவில்லை. தனியாகவே பாடி முடித்தார்.

எல்லாரும் அழுதோம். ஆனால் என் மனதை இன்றும் அரிப்பது அதற்குப் பிறகு நடந்தது. பாடி முடித்த கையோடு பக்கத்து மேசையைக் காட்டினார். "தண்ணி வேணுமா அப்பா?" என்று கேட்டேன். "இல்லை, இல்லை" என்றார். விரல் போத்தலை விட்டு அசையவில்லை. ஒரு முழுப் பாட்டைத் தவறாமல் பாடிய வாய்க்குத் தண்ணீர் என்ற ஒரு சொல் வரவில்லை. இப்படி யாராவது பார்த்திருக்கிறீர்களா?

முகத்துவாரம் பொடியன்

2022இல் கரண்ட் வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனதே, அந்த நாட்கள்தான். எங்கள் சபையில் பாட்டுப் புத்தகத்தை நிறுத்திப் பல காலம், எல்லாம் திரையில்தான். வாலிபர் ஆராதனை நடுவில் புரொஜெக்டர் போனது, கீபோர்ட் போனது, மைக் போனது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. கிற்றார் அடிக்கிற அண்ணன் மட்டும் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

கோரஸ் எல்லாருக்கும் வரும். அதையே திரும்பத் திரும்பச் சுற்றினோம். அடுத்த பத்தி ஒருவருக்கும் வரவில்லை, மேடையில் நின்ற குழுவுக்கும் வரவில்லை. கிழமைதோறும் பாடுகிற பாட்டு அது! அப்போது கடைசி வரிசையில் இருந்து ஒரு அன்ரி, சேர்ச் துப்புரவு வேலைக்கு வருகிறவர், பழைய ஞானப்பாட்டு ஒன்றை எடுத்தார். ஒவ்வொரு வரியையும் முதலில் பேச்சாகச் சொல்லுவார், நாங்கள் பிடித்துப் பாடுவோம், பிறகு அடுத்த வரி. அந்த இருட்டில் பாட்டு முழுவதும் அப்படியே போனது.

அடுத்த கிழமை கரண்ட் இருந்தது. திரையும் வந்துவிட்டது. அவர் வழமைபோலப் பின்வரிசையில். அவரிடம் இன்னும் என்னென்ன பாட்டு இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்போது அவர் மலையகத்துக்கே திரும்பிப் போய்விட்டார்.

வார்ட் மிஸ்

வெள்ளவத்தைச் சகோதரிக்கு: பார்த்திருக்கிறேன், பல தரம். பக்கவாத வார்டில் வேலை செய்தவள் நான். வலது பக்கம் விழுந்தால் அடிபட்டது பெரும்பாலும் மூளையின் இடது பக்கம். நினைத்ததைச் சொல்லாக்கும் வேலையும் அநேகருக்கு அங்கேதான். ஆனால் சின்ன வயதிலிருந்து பழகி ஊறிப்போனவை, அதாவது ஒன்று இரண்டு எண்ணுவது, கிழமைப் பெயர்கள், மந்திரங்கள், மெட்டோடு சேர்ந்த பாட்டு, இவை சிலருக்குத் தப்பி நிற்கும். 1970களில் இருந்தே பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். "தண்ணி வேணும்" என்பதைக்கூட ஒரு ராகமாக இழுத்து, நோயாளியின் இடது கையைத் தட்டித் தட்டிச் சொல்ல வைப்பார்கள். எல்லாருக்கும் பலிக்காது. உங்கள் அப்பா பாடுகிறார் என்றால் கேட்டுப் பாருங்கள். பாட்டு வந்ததால் பேச்சும் தானாக வந்துவிடும் என்று மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

கொச்சிக்கடை மகள்

எல்லாரும் கீர்த்தனை, ஞானப்பாட்டு என்றே எழுதுகிறீர்கள். கத்தோலிக்க வீடுகளிலும் இது உண்டு. 18ஆம் நூற்றாண்டில் கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் ஆண்டவர் பட்ட பாடுகளைத் தமிழில் எழுதி வைத்தார். எழுத வாசிக்கத் தெரியாத எத்தனையோ பேர் தவக்காலத்து ஒப்பாரிகளைக் காதால் கேட்டே பிடித்தார்கள். மன்னாரில் பிறந்த என் அம்மம்மாவும் அப்படித்தான்.

உயிர்த்த ஞாயிறு பூசையில் குண்டு வெடித்த 2019 ஏப்ரல் 21 எங்களுக்கு எப்படி விடிந்தது என்று கொழும்பில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்தக் கிழமை எங்கள் ஒழுங்கையில் ஒரு செத்தவீடு, பூசைக்குப் போன பிள்ளை. கோயில்களில் பூசை நிறுத்தியாயிற்று. பாடகர் குழுவைக் கூப்பிட வழியில்லை. பேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் எல்லாவற்றையும் அரசாங்கம் முடக்கி வைத்திருந்தது. பெடியள் போனை வைத்துக்கொண்டு பாட்டுத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு விட்டார்கள். அம்மம்மா பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து தொடங்கினார்.

அந்த ஒப்பாரியில் இறந்த மகனைத் தாய் மடியில் வாங்கும் இடம் ஒன்று வரும். நாங்கள் எல்லாரும் அதற்காக மூச்சை இழுத்தோம். அம்மம்மா அந்த இடத்துக்குப் போகவில்லை. அதற்கு முந்தின வரியிலிருந்து நேரே கடைசிப் பகுதிக்கு இறங்கிவிட்டார், மெட்டு அறாமல், பிசிறு தெரியாமல். பிள்ளையின் தாய் எதிரே இருந்தார். புத்தகம் பார்த்துப் பாடுகிறவர்கள் அடுத்த வரி என்னவோ அதைத்தான் பாடுவார்கள். முழுவதும் நெஞ்சுக்குள் இருப்பவருக்குத்தான் எதை விடவேண்டும் என்று அந்த நொடியில் தெரியும்.

ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை, தெகிவளை

வாசிக்க மனம் உருகுகிறது. ஆனாலும் மறுபக்கத்தை யாராவது சொல்லவேண்டும். எங்களிடம் மனப்பாடம் என்றாலே போட்டி. பாட்டுப் போட்டி ஒன்றில் ஒரு சின்னவள், ஏழு வயது இருக்கும், எல்லாச் சரணமும் ஒழுங்காகப் பாடிவிட்டுக் கடைசிச் சரணத்தில் ஒரு வரியை மாற்றிப் பாடிவிட்டாள். நடுவர் பேனாவால் தாளில் ஒரு கோடு போட்டார். பிள்ளை அந்தப் பேனாவைப் பார்த்துவிட்டாள். அத்தோடு வாய் மூடிக்கொண்டது, கண்ணீர்தான். அதற்குப் பிறகு ஆராதனையிலும் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

கடவுளுக்குப் பாடும் பாட்டில் ஒரு பிள்ளை பயத்தைப் படித்தால் அந்த மனப்பாடத்தால் என்ன பயன்? கிளிப்பிள்ளை மாதிரி ஒப்புவிப்பதை விட, ஒரு வரி என்றாலும் உணர்ந்து பாடட்டும் என்பது என் எண்ணம்.

ரியாத்தில் இருந்த அண்ணன்

ரீச்சர், நீங்கள் சொல்வது போட்டியின் பிழை. மனப்பாடத்தின் தலையில் போடாதீர்கள். உணர்ந்து பாடட்டும் என்கிறீர்கள். வாயில் இல்லாததை எப்படி உணர்வது? பவுலும் சீலாவும் பிலிப்பியில் தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டு நடுராத்திரியில் பாடினார்கள். அங்கே யார் புத்தகம் கொடுத்தது? உபாகமம் 31ஆம் அதிகாரத்தில் கர்த்தர் மோசேயிடம் ஒரு பாட்டை எழுதி ஜனங்களின் வாயில் வைக்கச் சொல்கிறார். அவர்கள் வழி தவறிப் போன பிறகும் அந்தப் பாட்டு மறக்காமல் சாட்சியாக நிற்கும் என்பதற்காக.

என் கதை சின்னது. சவூதியில் வேலை செய்தேன். அங்கே வெளிப்படையாக ஆராதனை இல்லை, புத்தகம் கொண்டுபோகவும் பயம். வெள்ளிக்கிழமை அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் பாடுவோம். ஆளுக்கு ஆள் ஞாபகத்தில் இருந்ததுதான் எங்கள் பாட்டுப் புத்தகம். ஒரு தம்பிக்கு வேலை முடிந்து அவர் ஊருக்குப் போனபோது, அவரோடு எங்கள் பாட்டுகளில் பாதி போய்விட்டது.

அதனால் சொல்கிறேன், பிள்ளைகளுக்கு இப்படிப் பழக்குங்கள். கடைசிச் சரணத்திலிருந்து தொடங்குங்கள். முதல் சரணம் தானாக வந்துவிடும், தொங்கிப் போவது எப்போதும் கடைசிதான். திரும்பத் திரும்ப வாசிப்பதால் பெரிய பயன் இல்லை. ஒரு தரம் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள், பாடிப் பாருங்கள். தடுக்கினால் உடனே திறக்காமல் கொஞ்சம் யோசியுங்கள். அந்த யோசனையில்தான் பாட்டு பதியும். அடுத்த நாள் காலை பார்க்காமல் இன்னொரு தரம், பிறகு ஒரு கிழமை விட்டு இன்னொரு தரம். கீர்த்தனை என்றால் எதுகை மோனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முந்தின அடியின் முதல் சொல்லில் இரண்டாம் எழுத்து என்னவோ, அடுத்த அடியும் பெரும்பாலும் அதையே கொண்டு வரும். பாடியவர்கள் அலங்காரத்துக்கு மட்டும் அப்படிக் கட்டவில்லை, ஞாபகத்தில் நிற்கவும்தான். எபிரெயரும் இதைச் செய்தார்கள். 119ஆம் சங்கீதத்தில் 176 வசனம்; 22 எழுத்துக்கும் எழுத்துக்கு எட்டு வசனம், அந்த எட்டும் அந்த எழுத்திலேயே தொடங்கும். மாதம் ஒரு பாட்டு என்று வைத்தால் ஐந்து வருடத்தில் அறுபது பாட்டு. ஒரு மனுசனுடைய ஆயுசுக்கு அது போதும்.

பம்பலப்பிட்டி அம்மா

அண்ணன், மாதம் ஒரு பாட்டு என்று அட்டவணை போட்டால் ரீச்சர் பயந்ததுதான் நடக்கும். ரியூஷனுக்கு மேல் இன்னொரு ரியூஷன் வேண்டாம். என் மகள் சர்வதேசப் பாடசாலைப் பிள்ளை, தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். சேர்ச் திரையில் தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் போடுவார்கள், அதைப் பார்த்துப் பாடினால் 'ழ'வும் இல்லை, 'ள'வும் இல்லை. ஆனால் அப்பம்மா குளிக்க வார்க்கும்போது பாடுகிற ஒரு பாட்டு மட்டும் அவளுக்கு முழுக்கத் தெரியும், சுத்தமான உச்சரிப்போடு. யாரும் படிப்பிக்கவில்லை, ஒப்புவிக்கச் சொல்லவும் இல்லை.

போன வருடம் அவளுக்கு எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வந்தது. தலையை அசைக்கக் கூடாது, வாயையும் அசைக்கக் கூடாது. உள்ளே அந்த இயந்திரம் போடுகிற சத்தம் பெரியவர்களுக்கே பயம். போன் கொண்டுபோக முடியாது. "மனசுக்குள்ள பாடு குஞ்சு" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். வெளியே வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "அம்மா, ரெண்டு தரம் முழுசாப் பாடி, மூணாந்தரம் 'ஆமென்'க்குக் கிட்ட வந்திட்டன், அதுக்குள்ள நிப்பாட்டிட்டாங்க." குறையாகத்தான் சொன்னாள்! காரில் வரும்போது மிச்சத்தைப் பாடி முடித்தாள்.

ஆசிரியை, தெகிவளை

பம்பலப்பிட்டி அம்மா எழுதியதை ஏற்கிறேன். குளிக்க வார்க்கும்போது வந்த பாட்டுக்கு நடுவர் இல்லை. அண்ணன் எழுதிய அட்டவணையை இன்னும் ஏற்கவில்லை.

இரண்டு மெட்டு

எனக்கு வேறு ஒரு விசயம். பெரியப்பாவின் அடக்கம், கனத்தை மயானத்தில். யாழ்ப்பாணத்துச் சொந்தம் ஒரு பக்கம், கொழும்புச் சொந்தம் மறுபக்கம். பெட்டியை இறக்கும்போது ஒரே கீர்த்தனையை இரண்டு பக்கமும் தொடங்கினார்கள். சொல் ஒன்றுதான், மெட்டு வேறு. தாளில் அச்சடித்திருந்தால் யாராவது சுதாரித்து ஒரு பக்கம் சேர்ந்திருப்பார்கள். எல்லாருக்கும் மனப்பாடம், ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. இரண்டு மெட்டும் அப்படியே கடைசிச் சரணம் வரை போனது. போதகர் மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் எந்த மெட்டு சரி என்று பெரிய வாக்குவாதம், தேநீர் ஆறிப்போகும் வரைக்கும். இரண்டும் சரி என்று தயவுசெய்து இங்கே எழுத வேண்டாம், அதை அங்கேயே எல்லாரும் சொல்லியாயிற்று. எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: பல்லவியை மேல் ஸ்தாயியில் எடுத்து, அனுபல்லவியில் இறங்கி வருகிற அந்த யாழ்ப்பாண மெட்டு இப்போது கொழும்பில் எந்தச் சேர்ச்சிலாவது பாடப்படுகிறதா? எங்கள் குடும்பத்தில் அது முழுதாகத் தெரிந்தவர் பெரியம்மா மட்டும்தான், அவருக்கும் மூச்சு வாங்குகிறது. தெரிந்தவர்கள் எந்த ஆராதனை, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். நான் வருகிறேன்.