லேகாக் போய் வந்தேன். மடம் எங்கே?

வழிப்போக்கன்:
போன ஞாயிறு இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் இருக்கும் லேகாக் அபேக்குக் குடும்பத்தோடு போய் வந்தோம். சிப்பனம் ஸ்டேஷனிலிருந்து மூன்று மைல்தான். ஊர் அழகு, அதில் சந்தேகமே இல்லை, டிவி ஆன்டெனா ஒன்றுகூடக் கண்ணில் படாத தெரு. ஆனால் உள்ளே போனபின் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பெயர் அபே, அதாவது மடம். 1232இல் அடிக்கல் நாட்டிய கன்னியர் மடம், 300 வருடத்துக்கு மேல் கன்னியாஸ்திரிகள் வாழ்ந்த இடம். மாடிக்குப் போனால் அங்கே முழுக்க, பின்னாளில் இதை வீடாக வைத்திருந்த டால்பட் குடும்பம்தான். அவர்கள் சோபா, அவர்கள் பீங்கான், அவர்கள் தாத்தா படங்கள். கன்னியாஸ்திரிகள் இருந்த கீழ்த்தளத்து அறைகளோ அனேகமாகக் காலி. அங்கே என் பிள்ளைகள் குதித்ததும் ஹாரி பாட்டர் என்ற மந்திரவாதிப் பையன் படத்துக்கு அங்கே ஷூட்டிங் நடந்தது என்பதற்காகத்தான், ஒரு பெரிய கொப்பரையைச் சுற்றி ஒரே போட்டோ. இதற்கு அபே என்று பெயர் வைத்து டிக்கெட் விற்பது சரியா? மாளிகை என்றே சொல்லிவிட்டுப் போகலாமே.

கல்தச்சன்:
சரிதான், ஆனால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். மாளிகையாக மாறாமல் இருந்திருந்தால் நீங்கள் பார்க்க அங்கே என்ன இருந்திருக்கும்? எட்டாம் ஹென்றி மடங்களை மூடியபோது அரசரின் ஆட்கள் முதலில் கை வைத்தது கூரை ஈயத்தில். ஈயம் போனால் கூரை போகும், கூரை போனால் பத்து மழைக்காலத்தில் சுவர் போகும், மிச்சத்தை ஊர்க்காரர்கள் வண்டி வண்டியாக ஏற்றிப்போய் மாட்டுக் கொட்டகை கட்டுவார்கள். கிளாஸ்டன்பரியைப் போய்ப் பாருங்கள். இங்கிலாந்தின் மிகப் பணக்கார மடங்களில் ஒன்று, இன்று புல்வெளியில் நாலு வளைவுத் துண்டு. லேகாக்கில் கிளாய்ஸ்டர், அதாவது முற்றத்தைச் சுற்றிவரும், கல் வளைவுக் கூரையிட்ட அந்த நடை, பெரும்பாலும் நிற்கிறது. கன்னியாஸ்திரிகள் கூடிப் பேசிய அத்தியாய மண்டபம் நிற்கிறது. குளிர்காயும் அறை நிற்கிறது. நிற்பதற்குக் காரணம் 1540இல் 783 பவுண்டு கொடுத்து வாங்கிய வில்லியம் ஷாரிங்டன் அதன் மேல் தன் வீட்டைக் கட்டிக்கொண்டு குடியேறியது.

மேகலா_ரெடிங்:
ஷாரிங்டனைக் காப்பாற்றியவர் ஆக்காதீர்கள் கல்தச்சன். அந்த மனிதர் வாங்கியதும் முதலில் செய்த வேலை மடத்தின் கோயிலை, அதாவது சர்ச்சை, இடித்தது. கன்னியர் மடத்தில் எல்லாமே கோயிலைச் சுற்றித்தான், இரவு நடுவில் எழுந்து போய்ப் பாடியது, இறந்தால் புதைத்தது, எல்லாம் அங்கேதான். அதை இடித்துவிட்டு நடையை மட்டும் வைத்துக்கொண்டது வீட்டுக்கு வசதியாக இருந்ததால். அதற்குப் பெயர் பாதுகாப்பா? கள்ளக் காசு அடித்து மாட்டியவர் வேறு. பிரிஸ்டல் நாணயச் சாலையில் அதிகாரியாக இருந்துகொண்டு எடை குறைந்த நாணயம் அடித்துச் சுருட்டினார், அந்தப் பணத்தில் வாங்கிய வீடு இது!

கல்தச்சன்:
நாணய மோசடி உண்மை, வருடம் உதைக்கிறது. அவர் நாணயச் சாலைப் பதவிக்கு வந்தது 1546. லேகாக்கை வாங்கியது அதற்கு ஆறு வருடம் முன்னால். கள்ளக் காசில் வாங்க வழியே இல்லை.

மேகலா_ரெடிங்:
சரி, வாங்கியது பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், அவசரத்தில் எழுதிவிட்டேன். மனிதர் மேல் உள்ள கோபம் அப்படியேதான் இருக்கிறது. 1549இல் பிடிபட்டார். பணத்தில் பங்கு போன பிரபு தாமஸ் சீமோருக்குத் தலை போனது, இவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு மன்னிப்பு வாங்கினார், பறிபோன நிலத்தையும் பெரும் தொகை கட்டித் திரும்ப எடுத்துக்கொண்டார். மூலையில் அந்த எண்கோணக் கோபுரம் இருக்கிறதே, அதன் உள்ளே செதுக்கிய கல்மேசையில் தேள் பொறித்திருக்கும், அவர் குடும்பச் சின்னம். பொருத்தமான சின்னம்தான்.

இன்னொன்று. இங்கிருந்த கன்னியாஸ்திரிகளை விரட்ட ஒரு காரணமும் இல்லை. மடங்களைச் சோதிக்க வந்த அதிகாரிகளே இங்கே குறை காணவில்லை. தங்கள் விதிமுறையைப் பிரெஞ்சில் எழுதிவைத்து அதை நன்றாகப் புரிந்து படிக்கிறார்கள் என்று மெச்சித்தான் எழுதினார்கள். சிறிய மடங்களை மூடும் 1536 சட்டம் வந்தபோது பெரிய தொகை கட்டித் தப்பித்தார்கள். அப்படியும் 1539 ஜனவரியில் கையெழுத்துப் போட்டு வெளியேற வேண்டியதாயிற்று. கடைசித் தலைவி ஜோன் டெம்ஸுக்கு வருடம் 40 பவுண்டு பென்ஷன், அவ்வளவுதான்.

எலிப்பொறி:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். வழிப்போக்கன், அந்தத் தெற்குப் பக்க நீள அறையில் ஒரு சின்ன ஜன்னல் பார்த்தீர்களா? வெளியே துருத்திக்கொண்டு, சின்னச் சின்னக் கண்ணாடிச் சதுரங்களோடு இருக்கும். பார்த்திருந்தால் 'டால்பட் தாத்தா' என்று இவ்வளவு லேசாக எழுதியிருக்க மாட்டீர்கள். 1835 ஆகஸ்டில் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் அந்த ஜன்னலைப் பிடித்த படம்தான் இன்று மிஞ்சியிருக்கும் போட்டோ நெகடிவ்களில் மிகப் பழையது. தபால்தலையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. எடுத்த புதிதில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் சுமார் 200 கண்ணாடிகளையும் எண்ண முடிந்தது என்று பக்கத்திலேயே எழுதிவைத்தார். அவர் வீட்டைச் சுற்றி அங்கங்கே வைத்த சின்ன மரப்பெட்டிக் கேமராக்களை மனைவி கான்ஸ்டன்ஸ் எலிப்பொறி என்று கிண்டல் செய்வார், என் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

அந்த மனிதர் ஜன்னலை ஏன் படம் எடுத்தார்? அந்தப் பெட்டியில் பதிய நிறைய நேரம் வேண்டும், அசையாமல் நிற்கிற, பின்னால் வெளிச்சம் இருக்கிற ஒன்று வேண்டும். தன் வீட்டில் தன் ஜன்னல், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும். மாளிகை இல்லாமல் அந்தப் படம் இல்லை. நான் போனது கன்னியாஸ்திரிகளுக்காக இல்லை, ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

வழிப்போக்கன்:
ஜன்னலைப் பார்த்தேன், கூட்டம் இருந்தது, நகர்ந்துவிட்டேன். ஆனால் எலிப்பொறி, நீங்கள் என் பேச்சைத்தான் உறுதிப்படுத்துகிறீர்கள். உங்களுக்கு அது போட்டோ பிறந்த வீடு, என் பிள்ளைகளுக்குப் படம் பிடித்த இடம், கல்தச்சனுக்குக் கட்டடம். மடம் யாருக்கு?

மேகலா_ரெடிங்:
எனக்கு! ஈலாவுக்காகவே மூன்று தடவை போயிருக்கிறேன். சால்ஸ்பரி சீமாட்டி, இரண்டாம் ஹென்றியின் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் வில்லியம் லாங்எஸ்பேயின் மனைவி. 1226இல் கணவர் இறந்தபின் மறுமணம் வேண்டாம் என்று நின்றவர், வில்ட்ஷயருக்கு ஷெரிஃபாகவும், அதாவது அரசரின் மாவட்ட அதிகாரியாகவும், இருந்தவர், அந்தக் காலத்தில் ஒரு பெண்! 1232 ஏப்ரல் 16 அன்று ஒரே நாளில் இரண்டு மடங்களைத் தொடங்கினார், காலையில் இங்கே கன்னியர் மடம், பிறகு ஹின்டனில் ஆண் துறவிகளுக்கு. அப்புறம் தானே இங்கே சேர்ந்து தலைவியும் ஆனார், 1261இல் இங்கேயே இறந்தார். அவருடைய கல்லறைப் பலகை இன்று கிளாய்ஸ்டர் தரையில் கிடக்கிறது. அங்கே ஏன்? கோயிலில் இருந்தது, கோயில்தான் இல்லையே.

கல்தச்சன்:
ஹின்டனைச் சொன்னதும் நல்லதாயிற்று. அதே நாளில் அதே பெண் தொடங்கிய மடம், இன்று என்ன நிலை? அத்தியாய மண்டபமும் சில துண்டுகளும். உங்கள் உதாரணமே எனக்குச் சாட்சி.

மேகலா_ரெடிங்:
அது அதிர்ஷ்டத்துக்குச் சாட்சி, ஷாரிங்டனுக்கு இல்லை.

சும்மா_சுப்பு:
பழைய கட்டடம், நல்ல டீக்கடை, மழை பெய்தால் ஒதுங்க நடை. இதற்கு இவ்வளவு சண்டையா? :) எனக்குப் பிடித்தது பெரிய ஹாலில் இருக்கும் சுட்டமண் ஆட்டுச் சிலைதான், மூக்கு நுனியில் சர்க்கரைக் கட்டி வைத்திருப்பார்கள், கேட்டால் ஒரு மாணவன் விளையாட்டாக வைத்தது, வழக்கமாகிவிட்டது என்றார்கள்.

கல்தச்சன்:
சுப்பு, அந்த ஹாலும் இந்த விவாதத்தில் வர வேண்டியதுதான். ஜான் ஐவரி டால்பட் 1750களில் கட்டியது, பார்த்தால் நடுக்காலத்துக் கூர்வளைவு, உண்மையில் அப்போதைய ஃபேஷன். அசல் கூர்வளைவு கீழே இருக்கும்போது மேலே போலி கட்டியிருக்கிறார்கள். நேரமில்லாதவர்கள் அதைத் தாண்டிப் போகலாம்.

எலிப்பொறி:
வழிப்போக்கன் கேட்டதற்கு வருகிறேன், இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். அந்த ஜன்னல் இருக்கிற தெற்குச் சுவரை வெளியே போய்ப் பார்த்தீர்களா? கீழ்ப்பகுதிக் கல்லைப் பாருங்கள். இடித்த கோயிலின் வடக்குச் சுவர் அது. ஷாரிங்டன் மற்றதை இடித்துவிட்டு அந்த ஒரு சுவரை வீட்டின் தெற்கு முகமாக வைத்துக்கொண்டார். அதற்கு முன்னால் நீங்கள் நிற்கிற இடம்தான் கோயிலின் உள்புறம். டால்பட் கேமராவை வைத்தபோது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தெரிந்த வெளிச்சம் வந்ததும் அந்த வெற்றிடத்தின் வழியாகத்தான். கோயில் நின்றிருந்தால் அங்கே வெளிச்சத்துக்கு வழியில்லை.

மேகலா_ரெடிங்:
இதை நான் இப்படி யோசித்ததே இல்லை. மூன்று தடவை போயும் அந்தப் புல்லில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டிருக்கிறேன், பீடம் இருந்த இடமோ என்னவோ. ஆனால் எலிப்பொறி, ஒரு படத்துக்காகக் கோயில் போனது பரவாயில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

எலிப்பொறி:
சொல்லவில்லை. இரண்டும் ஒரே சுவரில் இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

வழிப்போக்கன்:
தெற்குப் பக்கம் நான் போகவே இல்லை. பிள்ளைகள் பசி என்றார்கள், கேட் பக்கம் திரும்பிவிட்டோம். இப்போது எனக்குக் கோபம் பெயர் மேல் இல்லை, இதை யாரும் அங்கே எனக்கு எடுத்துச் சொல்லவில்லை என்பதில்தான். அந்தப் புல்லில் கயிறு கட்டியாவது கோயிலின் நீள அகலத்தைக் காட்டினால் சோபாவைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன்.

கல்தச்சன்:
கயிறு யோசனைக்கு என் ஓட்டும். டால்பட்களை ஒரேயடியாகத் திட்டவும் வேண்டாம். ஈலா காலத்திலிருந்து மடத்தில் இருந்த, அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்தின் 1225 பிரதி டால்பட் குடும்பத்திடம்தான் பத்திரமாக இருந்தது, ஃபாக்ஸ் டால்பட்டின் பேத்தி மட்டில்டா அதைப் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார், இன்று பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. வீட்டையும் ஊரையும் 1944இல், பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்ததும் அவரே. விற்றிருந்தால் இன்று அது கல்யாண ஹோட்டல்.

மேகலா_ரெடிங்:
மட்டில்டாவுக்கு என் வணக்கம், அதில் சண்டையே இல்லை. ஷாரிங்டனுக்கு மட்டும் கிடையாது.

சும்மா_சுப்பு:
வரும் சனிக்கிழமை போகிறேன். புல்வெளியை எட்டுவைத்து அளந்து வந்து சொல்கிறேன். ஆடு மூக்கில் சர்க்கரை இருக்கிறதா என்றும்.